மாதக் கடைசியிலும் மணக்கும் சமையல்

வருவாய் சிறியதானாலும் செலவு அதை மீறாவிட்டால் கேடில்லை என்கிறார் வள்ளுவர். ஆனால் நம்மில் பலர் வீட்டில் முதல் வாரம் வடையும் பாயசமும், கடைசி வாரம் வெறும் ரசமும் ஊறுகாயும் என்றுதானே நடக்கிறது? இதை மாற்ற மாணவியராகிய நம்மாலும் முடியும்.

முதலில் வேண்டியது திட்டம். மளிகைப் பட்டியல் எழுதுமுன் டப்பாக்களைத் திறந்து, இருப்பதைக் குறித்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில், ரேஷன் கடையில் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. அவற்றை வாங்கியபின் மளிகைக் கடைக்குப் போகலாம்.

அடுத்தது, எதையும் வீணாக்காமை. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். முள்ளங்கிக் கீரை பொரியலாகும். மீந்த இட்லி உப்புமாவாகும்.

எரிவாயுவும் பணமே. கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்தால் விரைவில் வேகும். பருப்பு வெந்த பிறகே புளி சேர்க்க வேண்டும். புளிப்பு முன்பே சேர்ந்தால் பருப்பு வேகத் தாமதமாகும்.

விலை மலிந்தது சத்தில் குறைந்ததன்று. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. பச்சைப்பயறை முளைகட்டினால் வைட்டமின் 'சி' பெருகும். காய்களைக் கழுவிய பின்பே நறுக்க வேண்டும். நறுக்கிய பின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். சோறு வடித்த கஞ்சியிலும் சத்து உண்டு, உப்பிட்டுக் குடிக்கலாம்.

இத்தனை செய்தும் ஒன்றை மறந்துவிடுகிறோம். எல்லோரும் உண்டபின் கடைசியாக உட்காருபவர் அம்மா. குழம்புச் சட்டி காலியானால், "எனக்கு மோர் போதும்" என்பார். நாமும் அதை நம்பி எழுந்துவிடுகிறோம். அம்மாவின் வயிற்றில் மிச்சம் பிடிப்பது சிக்கனமா? இல்லவே இல்லை! இருப்பதை எல்லோருக்கும் சரியாகப் பங்கிடுவதே சிக்கனம்.

ஆகவே தோழியரே, இன்று முதல் பரிமாறும் கரண்டியை நாம் வாங்கிக்கொள்வோம். அம்மாவின் பங்கை முதலில் எடுத்து வைப்போம். பிறகு அனைவரும் சேர்ந்து உட்கார்ந்து உண்போம். மாதக் கடைசியிலும் நம் வீட்டுச் சமையல் மணக்கும்!