பூனையை வதைக்காமல் பாத்தியைக் காப்போம்

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முசலிப் பிரதேச முஸ்லிம்களில் பெரும்பாலானோர், 2009 இல் போர் முடிந்த பின்னரே சொந்த மண்ணுக்குத் திரும்பத் தொடங்கினர். எமது கொண்டச்சியிலும் காடாகிக் கிடந்த வளவுகளைத் துப்புரவாக்கித்தான் வீட்டுத்தோட்டம் போட வேண்டியிருந்தது. அப்படி உண்டாக்கிய கீரைப் பாத்தியைப் பூனை கிளறி மலம் கழித்துவிட்டுப் போனால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அதற்காகச் சுடுநீர் ஊற்றுவதும், நஞ்சு வைப்பதும், சாக்கில் கட்டி வேறு ஊரில் விடுவதும் நமக்கு ஆகுமானவையல்ல.

பூனையை அடைத்து வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் அதன் காரணமாகவே தண்டிக்கப்பட்டாள் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. பூனை வாய்வைத்த தண்ணீர் அசுத்தமாகாது என்பதற்கும் அபூதாவூத், திர்மிதியில் ஆதாரம் உண்டு. அதற்காக அதன் மலமும் சுத்தம் என்று ஆகிவிடாது, அது நஜீஸ். ஆகவே பாத்தியைக் காப்பது நியாயமானதே, காக்கும் வழியும் நியாயமாக இருக்க வேண்டும். நாட்டுச் சட்டப்படியும் மிருகவதை குற்றம். அதற்கான கட்டளைச் சட்டம் 1907 இலேயே வந்துவிட்டது.

பூனை தேடுவது காய்ந்த, இளகிய மண்ணை. எமது கரையோர மணல் அதற்கு மிகவும் வாய்ப்பானது. எனவே மண்ணை வெறுமையாக விடாமல் இருப்பதே முதல் வேலை. விதை போட்டதும் பாத்தியின் மேல் கோழிக்கூட்டு வலையைத் தட்டையாக விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுங்கள். முளை வலைக்கண் வழியே வரும். பூனையால் தோண்ட முடியாது. வலை இல்லாவிட்டால் தென்னோலை ஈர்க்குகளையோ சுள்ளிகளையோ ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாக நட்டுவிடலாம். கன்றுகளைச் சுற்றிச் சிரட்டைகளைக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்கலாம். மாலையில் தண்ணீர் ஊற்றினால் இரவில் மண் ஈரமாக இருக்கும்; ஈரமண்ணைப் பூனை அவ்வளவாக விரும்பாது.

அதற்கென ஓர் இடமும் கொடுங்கள். வளவின் ஒதுக்குப்புறத்தில், மழை படாத மூலையில் காய்ந்த மணலைக் குவித்து வைத்தால் பெரும்பாலும் அங்கே போகப் பழகிவிடும். பாத்தியில் கிடக்கும் மலத்தை உடனே அகற்றுங்கள். வாடை இருந்தால் திரும்பவும் அங்கேயே வரும். மீன் கழிவைத் திறந்த வெளியில் வீசுவதும் பூனைகளை அழைப்பதுதான்.

பூச்சி உருண்டையும் மண்ணெண்ணெயும் வேண்டாம். காலில் ஒட்டியதைப் பூனை நக்கும்போது அது நஞ்சாகிவிடும். நாம் உண்ணும் கீரை வளரும் மண்ணும் கெடும்.

பூனை மலத்தில் டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும். வெளியேறி ஒன்று முதல் ஐந்து நாட்களில் அது தொற்றும் நிலையை அடையும். ஈரமண்ணில் மாதக்கணக்கில் உயிர்வாழும். கர்ப்பிணித் தாய்க்குப் புதிதாகத் தொற்றினால் வயிற்றிலுள்ள குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். ஆகவே கர்ப்பிணிகள் கையுறையின்றி மண் வேலை செய்ய வேண்டாம். கீரையை ஓடும் நீரில் நன்கு கழுவிச் சமைத்து உண்ணுங்கள். பூனை மலத்தைப் பசளைக் குழியில் போடவும் வேண்டாம்.

ஒரு பூனையைத் துரத்தினால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். மிருக வைத்தியர் மூலம் கருத்தடை செய்வதே நிலையான வழி. அயல்வீட்டுப் பூனை என்றால் முகம் சுளிக்காமல் பேசுங்கள், செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரு பூனைக்காக அயலவர் உறவை முறித்துக்கொள்ளத் தேவையில்லை.