அதே ஆள்தானா? டேப்லெட் கேட்கும் கேள்வி

ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஏற்றும் எந்தச் செயலியின் கோப்பையும் உள்ளபடி பிரித்துப் பார்த்தால், பொதுவாக முதல் இரண்டு எழுத்துகள் ஆங்கிலத்தில் ‘பி’, ‘கே’ என்று இருக்கும். வங்கிச் செயலியோ, பிள்ளைகள் விளையாடும் கேரமோ, எதுவானாலும் இதேதான். ஃபில் காட்ஸ் என்ற அமெரிக்க நிரலாளரின் பெயரெழுத்துகள் அவை. கோப்புகளைச் சுருக்கி ஒரே பொதியாகக் கட்டும் ‘ஸிப்’ வடிவத்தை 1989இல் உலகுக்குக் கொடுத்தவர் அவர். 2000இல், 37 வயதில் இறந்தார். அப்போது ஆண்ட்ராய்டும் இல்லை, ஐபேடும் இல்லை. ஆனால் ஏபிகே எனப்படும் ஆண்ட்ராய்டுச் செயலிக் கோப்பு, ஒப்பனையைக் கலைத்தால், அவருடைய ஸிப் பொதிதான்.

அந்தப் பொதிக்குள் நிரல் இருக்கும். படங்கள், ஒலிகள், பொத்தான்களில் எழுத வேண்டிய சொற்கள் இருக்கும். கூடவே ‘மேனிஃபெஸ்ட்’ என்றொரு அறிவிப்புத்தாள்: என் பெயர் இது, எனக்குக் கேமரா வேண்டும், மைக் வேண்டும், இணையம் வேண்டும். ப்ளே ஸ்டோரில் ‘இன்ஸ்டால்’ பொத்தானைத் தொட்டதும் இவை அனைத்தும் அப்படியே இறங்குவதில்லை. 2021 ஆகஸ்ட் முதல் அங்கே வரும் புதிய செயலிகளைத் துண்டுகளாகப் பிரிக்கத்தக்க வகையில்தான் கொடுத்தாக வேண்டும். உங்கள் டேப்லெட்டின் சிப் எந்த வகை, திரை எவ்வளவு நுணுக்கமானது, எந்த மொழியில் வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்து, அதற்கான துண்டுகளை மட்டும் ஸ்டோர் அனுப்புகிறது. தமிழில் அமைத்த கருவிக்குத் தமிழ்ச் சொற்கள் வரும்; ஜப்பானியச் சொற்கள் வராது. ஒரே செயலி உங்கள் டேப்லெட்டில் ஒரு அளவும், பக்கத்து வீட்டுக்காரரின் போனில் வேறொரு அளவும் காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பதிவிறக்கம் முடிந்தபின், திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் சில நொடிகளில்தான் உண்மையான வேலை நடக்கிறது. முதலில் கையொப்பச் சோதனை. செயலியை எழுதியவரிடம் ஒரு ரகசியச் சாவி இருக்கும், அதாவது மிக நீளமான ஓர் எண். முழுப் பொதியையும் ஒரு கணக்கீட்டுக்குள் செலுத்தினால் 256 பிட் நீளமுள்ள சுருக்க எண் ஒன்று கிடைக்கும். பொதியில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். ரகசியச் சாவியால் அதில் ஒப்பமிட்டு, சரிபார்ப்பதற்கான பொதுச்சாவியையும் பொதியிலேயே வைத்து அனுப்புகிறார்கள். ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவர் 1977இல் எம்.ஐ.டி.யில் கண்டறிந்த ஆர்.எஸ்.ஏ. முறை இதற்கு இன்றும் பயன்படுகிறது.

சரி, அந்தச் சாவி யாருடையது என்று யார் சான்று தருகிறார்கள்? ஆண்ட்ராய்டு வடிவமைப்பில், யாருமில்லை. வங்கியின் இணையதளத்துக்குச் சான்றளிக்க வெளியே ஒரு நிறுவனம் உண்டு. செயலிக்கு அப்படியில்லை, எழுதியவர் தனக்குத் தானே சான்று எழுதிக்கொள்ளலாம். டேப்லெட் செய்வதெல்லாம், முதல்முறை வந்த சாவியை நினைவில் வைத்துக்கொள்வதுதான். அடுத்து அதே பெயரில் அப்டேட் வந்தால், சாவி அதேதானா என்று பார்க்கும். வேறென்றால் பொதுவாக ஏற்காது. ‘நீ நல்லவனா’ என்று அது கேட்பதில்லை; ‘போன தடவை வந்தவன்தானா’ என்றுதான் கேட்கிறது. குறுகிய கேள்விதான். ஆனால் கச்சிதமானது. உங்கள் வங்கிச் செயலியின் மேல் ஒரு போலி வந்து உட்கார முடியாமல் காப்பது இந்தக் கேள்வியே. இதற்கு மறுபக்கமும் உண்டு: சாவியைத் தொலைத்த நிரலாளரால் தன் செயலிக்கே அப்டேட் கொடுக்க முடியாது. அந்த அவஸ்தையைத் தவிர்க்கவும்தான் இப்போது பல ப்ளே ஸ்டோர் செயலிகளின் சாவியைக் கூகுளே பத்திரப்படுத்தி வைக்கிறது. ஐபேடின் கதை வேறு. அங்கே பொதுவாக ஆப்பிள் பார்த்து ஒப்பமிட்டதே ஓடும்.

இந்தக் கச்சிதத்திலும் ஓட்டைகள் விழுந்தன. 2013இல் புளூபாக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் சொன்ன செய்தி வேடிக்கையானது. ஸிப் பொதிக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வைக்க முடியும். அப்படி வைத்தால், ஆண்ட்ராய்டில் ஒப்பம் சரிபார்க்கும் பகுதி ஒன்றைப் பார்த்துத் தலையாட்டும். நிறுவும் பகுதி மற்றதை எடுத்து ஓட்டும். ஆண்ட்ராய்டு 1.6 முதல் இருந்த பிழை இது. வேலையை இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுத்து, இருவரும் ஒரே தாளைத்தான் படிக்கிறார்களா என்று யாருமே பார்க்கவில்லை.

2017இல் வெளியான ‘ஜேனஸ்’ என்ற ஓட்டை இன்னும் நுட்பமானது. ஸிப் பொதியின் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கும், எனவே அதைப் பின்னாலிருந்து படிப்பார்கள். ஆண்ட்ராய்டின் நிரல் கோப்பான ‘டெக்ஸ்’ஸை முன்னாலிருந்து படிப்பார்கள். நல்ல செயலியின் பொதிக்கு முன்னால் ஒரு திருட்டு டெக்ஸை ஒட்டிவிட்டால்? சரிபார்ப்பவர் வாலிலிருந்து வந்து, எல்லாம் ஒழுங்கு என்பார். இயக்குபவர் தலையைப் பார்ப்பார். அங்கே ‘பிகே’ இல்லை, டெக்ஸ் இருக்கிறது, உடனே அதை ஓட்டிவிடுவார். பழைய கையொப்ப முறை, மூட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே அரக்கு வைத்துவிட்டு, மூட்டையின் வாயைக் கட்டாமல் விட்டதுபோல் இருந்தது. ஆண்ட்ராய்டு 7 வந்த 2016இலேயே முழுக் கோப்புக்கும் ஒப்பமிடும் புதிய முறை வந்துவிட்டது. அந்த முறையில் ஒப்பமிட்ட செயலிகளை, அதை அறிந்த கருவிகளில், ஜேனஸ் தொட முடியவில்லை.

கையொப்பம் தேறியதும் செயலிக்கு ஓர் எண் கிடைக்கிறது. 1970களின் யூனிக்ஸ் கணினிகளை ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தினார்கள். ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்காதிருக்க ஆளுக்கொரு பயனர் எண் கொடுத்தார்கள். யூனிக்ஸ் வழியில் பிறந்த லினக்ஸுக்கும் அந்த ஏற்பாடு வந்தது. லினக்ஸின் மேல் நிற்கும் ஆண்ட்ராய்டு, மனிதர்களுக்கான எண்களைச் செயலிகளுக்குக் கொடுத்துவிட்டது! டேப்லெட்டின் கண்ணில் ஒவ்வொரு செயலியும் முன்பின் தெரியாத ஓர் ஆள். 10,000இல் தொடங்கும் எண்களில் ஒன்று அதற்கு. அந்த எண்ணின் கோப்புகளை அடுத்த எண் திறக்க முடியாது.

இதில் டேப்லெட்டுக்கே உரிய ஒரு சிக்கல் எழுந்தது. போன் ஒருவருடையது, டேப்லெட் வீட்டுக்கே பொது. 2012இல் ஆண்ட்ராய்டு 4.2, டேப்லெட்டில் மட்டும், பலருக்குத் தனித்தனிக் கணக்கு வைக்கும் வசதியைத் தந்தது. மனிதருக்கான எண்களைத்தான் செயலிகள் எடுத்துக்கொண்டனவே, அப்புறம் மனிதருக்கு எது? ஆளின் எண்ணை லட்சத்தால் பெருக்கி, செயலியின் எண்ணோடு கூட்டிவிட்டார்கள். 10ஆம் எண் கணக்கில் 10,085ஆம் செயலி என்றால் 10,10,085. அம்மாவும் மகளும் ஒரே டேப்லெட்டில் ஒரே செயலியை வைத்திருந்தால், பொதி ஒரு பிரதிதான் இருக்கும். உள்ளே சேரும் தகவல் வெவ்வேறு. ஒருவர் அப்டேட் செய்தால் இருவருக்கும் மாறும்.

நிறுவியபின் நிரலை அந்த சிப்பின் மொழிக்கு மாற்றும் வேலை மிச்சமிருக்கும். ஆண்ட்ராய்டு 5, 6 காலத்தில் இதை நிறுவும்போதே முழுக்கச் செய்ததால் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் அதிகம் தொடும் பகுதிகளைக் குறித்துக்கொண்டு, இரவில் சார்ஜரில் கிடக்கும்போது பொறுமையாக மாற்றுகிறது.

இவ்வளவு காவலையும் தாண்டித்தான் வாட்ஸ்அப்பில் ‘திருமண அழைப்பிதழ்’ என்ற பெயரில் வரும் ஏபிகே பணத்தைப் பறிக்கிறது. போக்குவரத்து அபராதம், வங்கிக் கேஒய்சி என்ற வேடங்களிலும் வரும். எந்தப் பூட்டையும் அது உடைப்பதில்லை. புதுப் பெயர், புதுச் சாவி. முன்பு பார்த்திராத ஆள் என்பதால் டேப்லெட்டின் கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. வங்கிச் செயலியின் கோப்புகளை அதனால் தொட முடியாது, தொடத் தேவையும் இல்லை. எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியைக் கேட்டு வாங்கினால் ஓடிபி தானாக வந்து விழும். சிம் இல்லாத டேப்லெட் என்றால் ‘அணுகல்தன்மை’ அனுமதி: பார்வையற்றோருக்காகத் திரையைப் படித்துச் சொல்லவும், அவர்களுக்குப் பதிலாகப் பொத்தானைத் தொடவும் உருவான வசதி. தவறான கையில் அது கருவியையே ஓட்டும்.

தடுக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. 2017இன் ஆண்ட்ராய்டு 8 முதல், எந்தச் செயலி வழியாக ஏபிகே வந்தாலும் அந்தச் செயலிக்குத் தனியே அனுமதி கொடுத்தாக வேண்டும். எஸ்எம்எஸ், அறிவிப்புகள், அணுகல்தன்மை ஆகியவற்றைக் கேட்கும் வெளி ஏபிகேக்களை நிறுவவே விடாத சோதனை முயற்சி 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரில் தொடங்கியது. பின்னர் இந்தியாவுக்கும் வந்தது. அடுத்ததாக, 2025 ஆகஸ்டில் கூகுள் பெரிய மாற்றத்தையே அறிவித்தது: தன் பெயரையும் அடையாளத்தையும் பதிந்துகொண்ட நிரலாளரின் செயலிகளை மட்டுமே சான்றுபெற்ற ஆண்ட்ராய்டுக் கருவிகள் ஏற்கும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் தொடக்கம். மற்ற நாடுகளுக்கு அதன்பிறகு.

திறமூலச் செயலிகளை 2010 முதல் வழங்கிவரும் எஃப்-டிராய்டு இதைக் கடுமையாக எதிர்த்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. சொந்தமாக எழுதிய செயலியை நண்பர்களின் டேப்லெட்டுக்குக் கொடுக்க ஒரு நிறுவனத்திடம் ஏன் பெயர் பதிய வேண்டும்? மோசடிக்காரர்கள் மீது வைத்த குறி, பள்ளிக்கூடத்தில் நிரல் பழகும் பையன்மீதும் விழுகிறது. 2025 நவம்பரில் கூகுள் சற்று இறங்கிவந்து, அபாயம் அறிந்தவர்கள் பதியாத செயலியையும் நிறுவிக்கொள்ள ஒரு தனி வழி வைப்பதாகச் சொன்னது. மோசடிக்காரர் மறுமுனையில் அவசரப்படுத்தும்போது யாரும் அந்த வழியில் நுழைந்துவிடாதபடி அதை அமைக்கப்போகிறார்களாம். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஆசையாய்த் தன் செயலியை ஏற்றும் பையனின் விரலும், காதில் போனை வைத்துக்கொண்டு ‘இப்ப ஓகே குடுங்கம்மா’ என்பதைக் கேட்டு நடுங்கும் விரலும் தொடுவது ஒரே பொத்தானைத்தான். இவற்றைப் பிரித்தறிய எந்தச் சாவியிலும் கணக்கீடு கிடையாது.