பல்லாயிரம் கோப்புகளை அழித்தல்: கணினி ஏன் மந்தமாகிறது?

பாடசாலைக் கணினிக்கூடத்தில் 700 மெகாபைற்று வீடியோக் கோப்பு ஒன்றை அழித்தால் அது உடனே மறைந்துவிடும். மொத்தம் 100 மெகாபைற்றும் வராத 10,000 சிறு படக்கோப்புகளை அழிக்க முயன்றால் கணினி நிமிடக்கணக்கில் திணறுகிறது. இது ஏன்?

மட்டக்களப்பு வாவியில் பிடித்த 5 கிலோ கொடுவா ஒன்றையும் 5 கிலோ கூனி இறாலையும் எண்ணிப் பாருங்கள். கொடுவாவைக் கணக்கில் எழுத ஒரு வரி போதும். கூனியை ஒவ்வொன்றாக எழுதச் சொன்னால் பொழுது சாய்ந்தாலும் முடியாது. கரையில் எவரும் அப்படி எழுதுவதில்லை. பணிசெயல் முறைமையோ அப்படித்தான் எழுதுகிறது.

கோப்பை அழிக்கும்போது அதிலுள்ள தரவு உண்மையில் துடைக்கப்படுவதில்லை. கோப்பு முறைமையின் அட்டவணையில் அக்கோப்புக்குரிய பதிவு நீக்கப்பட்டு, அது பிடித்திருந்த இடம் வெற்றிடமெனக் குறிக்கப்படுகிறது. ஆகவே நேரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது கோப்புகளின் பருமன் அன்று, எண்ணிக்கையே. நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். ஒரு கோப்புக்கு 10 மில்லிசெக்கன் எனக் கொண்டால்:

10,000 × 10 = 100,000 மில்லிசெக்கன் = 100 செக்கன்

அசையும் பாகமில்லாத திண்ம நிலைச் சேமிப்பகத்தில் இக்காத்திருப்பு மிகக் குறைவு; ஆயினும் பதிவுகளை நீக்கும் வேலை அங்கும் உண்டு.

விண்டோஸ் சாளரத்தில் அழிக்கும்போது வேறு வேலைகளும் சேர்கின்றன. முதலில் கோப்புகள் எண்ணப்படுகின்றன. முன்னேற்றப் பட்டை வரையப்படுகிறது. நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளும் இடையில் பரிசோதிக்கலாம். மீள்சுழற்சித் தொட்டிக்குச் சென்ற கோப்புகளைப் பின்னர் மீண்டும் அழிக்க வேண்டும். இடமும் அதுவரை மீளாது.

சிப்ட் சாவியுடன் டிலீட் சாவியை அழுத்தினால் தொட்டி தவிர்க்கப்படும். கட்டளைச் சாளரத்தில் 'ஆர்டி' கட்டளையை எஸ், கியூ என்னும் தெரிவுகளுடன் கொடுத்தால் முழுக் கோப்புறையும், முன்கூட்டி எண்ணாமலும் பட்டை வரையாமலும், நீங்கும். பென் டிரைவ் முழுவதையும் வெறுமையாக்குவதாயின் விரைவு வடிவமைப்பே மிகச் சுலபம். அது அட்டவணையைப் புதிதாக எழுதிவிடுகிறது.

இவ்வழிகளில் தொட்டி என்னும் பாதுகாப்பு இல்லை. 'ஆர்டி' கட்டளை கியூ தெரிவுடன் "நிச்சயமா?" என்றுகூடக் கேட்காது. கோப்புறையின் பெயரில் ஒரு பிழை விட்டால் தவணை முழுதும் செய்த செயற்றிட்டம் போய்விடும். பிரதி எடுத்த பின்னரே கட்டளையைக் கொடுங்கள்.

தவறுதலாக அழித்துவிட்டால் அந்தப் பென் டிரைவில் வேறெதையும் சேமிக்காதீர்கள். பழைய ஃபாட் முறைமையில் அழிக்கப்பட்ட கோப்புப் பெயரின் முதற் பைற்றில் பதினறும எண் ஈ5 எழுதப்படும் (14 × 16 + 5 = 229; துவிதத்தில் 11100101). 1991 இல் வெளிவந்த எம்எஸ்-டொஸ் 5 இன் 'அன்டிலீட்' கட்டளை, கோப்பை மீட்குமுன் பெயரின் முதல் எழுத்தைப் பயனரிடமே கேட்டது இதனாற்றான்.