உழைச்செல்வான்

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து மருந்தை அளிப்பவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம். நான்காமவரை வள்ளுவர் 'உழைச்செல்வான்' என்கிறார். 'உழை' என்பதற்குப் பக்கம் என்று பொருள். இன்றைய மருத்துவமனையில் இந்நான்காம் கூறு பல தொழில்களாகக் கிளைத்துள்ளது. அவற்றைக் கற்பிப்பவையே மருத்துவம் சார்ந்த துணைப் படிப்புகள்.

'துணை' என்னும் அடைமொழி, இவை எளியவை என்ற எண்ணத்தைப் பலரிடம் தோற்றுவித்துவிட்டது. டயாலிசிஸ் தொழில்நுட்பம் ஒன்றை அறிந்தாலே அவ்வெண்ணம் நில்லாது. சிறுநீரகம் செயலிழந்தவரின் குருதி, மெல்லிய சவ்வின் ஒருபுறமும், தூய்மை செய்யும் கரைசல் மறுபுறமும் எதிரெதிர்த் திசைகளில் ஓடுகின்றன. உயிரியல் பாடத்தில் கற்கும் பரவல் என்னும் நிகழ்வே இங்குக் கழிவுகளை அகற்றுகிறது. நிமிடத்திற்கு 500 மில்லிலிட்டர் வீதம் கரைசல் ஓடுமாயின், நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் தேவைப்படும். குடிநீரில் கிருமி நீக்கத்திற்காகச் சேர்க்கப்படும் குளோரமைன், குடிப்பவருக்குத் தீங்கு செய்வதில்லை. அதுவே சவ்வைக் கடந்து குருதியில் கலந்தால் சிவப்பணுக்கள் சிதையும். ஆகவே, நோயாளி படுக்கைக்கு வருமுன்னரே தொழில்நுட்பர் நீரைச் சோதிக்கிறார். பிறகு குழாயில் காற்றுக்குமிழி புகாமலும், நோயாளியின் குருதியழுத்தம் திடீரெனச் சரியாமலும் இறுதிவரை விழித்திருந்து காக்கிறார்.

இதய அறுவை அரங்கில் இப்பொறுப்பு இன்னும் கூர்மையானது. 1953ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன், தம் மனைவி மேரியின் துணையோடு பல்லாண்டு உழைத்து உருவாக்கிய இதய நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு முதன்முதலில் வெற்றி கண்டார். அறுவை மருத்துவர் நின்றிருக்கும் இதயத்தைச் செப்பனிடும் நேரமெல்லாம், உடலெங்கும் குருதியைச் செலுத்துபவர் அவ்வியந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷன் தொழில்நுட்பரே. இயன்முறை மருத்துவம், கண்ணொளி அளவையியல், கதிர்ப்படத் தொழில்நுட்பம், கேட்பியல் முதலியனவும் இவ்வரிசையில் அடங்கும்.

தமிழ்நாட்டில் இப்படிப்புகள் பலவற்றைச் சென்னை கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகள் வழியே வழங்குகிறது. மேல்நிலை வகுப்பில் அறிவியல் பாடங்களைப் பயின்றோர் இவற்றில் சேரலாம். இளம் அறிவியல் பட்டங்களுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டுக் கல்வியும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் உண்டு.

இத்தொழில்களுள் பலவற்றுக்கு நாடு தழுவிய ஒழுங்குமுறை நெடுங்காலம் இல்லாதிருந்தது. முறையாகக் கற்றவரையும் அரைகுறையாகப் பழகியவரையும் நோயாளி வேறுபடுத்தி அறிய வழியில்லை. 2021ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் 56 தொழில்களைப் பத்துப் பிரிவுகளில் வரையறுத்து, தகுதி பெற்றோருக்கான பதிவேட்டுக்கு வழிவகுத்தது. எனினும், பெயர்ப்பலகையை மட்டும் நம்பிச் சேர்ந்துவிடலாகாது. கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு உண்டா என்பதோடு, நோயாளிகள் நாள்தோறும் வந்துசெல்லும் மருத்துவமனை அதனுடன் இணைந்துள்ளதா என்பதையும் நேரில் சென்று பார்த்த பின்னரே மாணவர் விண்ணப்பிக்க வேண்டும்.