உதிர்தலும் உதிர்த்தலும்

தண்ணீர்மலையை அடுத்த தாவரவியல் பூங்காவில் இலைகள் உதிர்ந்து கிடக்கின்றன. காற்று அவற்றை உதிர்த்தது என்கிறோம். வினையடி ஒன்றே, முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஆயினும், காம்பின் அடியில் மரமே பிரிவை உண்டாக்கி வைத்த இலையைத்தான் காற்று எளிதில் உதிர்க்கிறது. பச்சை இலையை அசைத்துவிட்டுப் போய்விடுகிறது.

நுரையீரல் புற்றுநோய் மருந்தைப் பற்றிப் பேசுகையில் நாம் ‘மருந்து புற்றணுவைக் கொல்கிறது’ என்கிறோம். அது பாதி உண்மையே. உயிரணு தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொண்டு மடியும் முறைக்கு, 1972இல் கெர், வைலி, கர்ரி ஆகிய மூவரும் ‘அப்போப்டோசிஸ்’ எனப் பெயரிட்டனர். கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மக் எடுத்துக்கொடுத்த அச்சொல், மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிப்பது. ‘உயிரணுத் தற்கொலை’ என்பதினும் ‘உயிரணு உதிர்வு’ என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. மருந்து சேதம் விளைவிக்கிறது. அதனை உணர்ந்த உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி வெளிப்பட, காஸ்பேஸ் நொதிகள் கிளர்ந்து உள்ளிருந்தே உயிரணுவைத் துண்டாடுகின்றன.

இங்கேதான் உயிர்வளிக் குறைவு குறுக்கிடுகிறது. மூச்சுக்குரிய உறுப்பிலேயே மூச்சுமுட்டல்! 1955இல் தாம்லின்சன், கிரே இருவரும் மனித நுரையீரல் கட்டிகளை ஆராய்ந்து, இரத்தக் குழாயிலிருந்து மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்குத் தொலைவுக்குள்ளாகவே உயிர்வளி தீர்ந்துபோவதை உணர்த்தினர். அவ்விளிம்பில் வாழும் உயிரணுக்கள் பெருகுவதைக் குறைத்துக்கொள்கின்றன. ஆகவே, பெருகும் உயிரணுவைக் குறிவைக்கும் மருந்துகள் அவற்றைத் தவறவிடுகின்றன. நம் வீட்டு வாசல் நித்தியகல்யாணியின் வேதிப்பொருள்களிலிருந்து உருவான வினோரெல்பினும் அவ்வகையினதே.

அக்குறைவையே கருவியாக்க முயன்ற மருந்து டைரபசமைன். உயிரணுவுக்குள் அது ஓர் எலக்ட்ரானைப் பெறுகிறது. உயிர்வளி இருப்பின் அவ்வெலக்ட்ரான் பறிபோய், மருந்து பழைய நிலைக்கே திரும்பும். இல்லையேல் டிஎன்ஏ இழைகளை அறுக்கும். 2000இல் வெளியான ஆய்வில், சிஸ்பிளாட்டினுடன் இதனையும் பெற்ற முற்றிய நோயாளர் சற்றுக் கூடுதல் காலம் வாழ்ந்தனர். பின்வந்த ஆய்வுகளில் அப்பயன் புலப்படவில்லை.

மருந்து செலுத்தியும் கட்டி ஏன் கரையவில்லை என்று கேட்கும் குடும்பத்தாருக்கு, ‘கொல்’ என்னும் வினை விடை தராது. மருந்து சென்று சேர்ந்திருக்கலாம், சேதமும் விளைந்திருக்கலாம். ஆனால் நுரையீரல் புற்றணுக்கள் பலவற்றில், சேதத்தைக் கண்டு உதிர்வுக்கு ஆணையிடும் பி53 மரபணுவே பழுதுபட்டிருக்கிறது. அங்கே பிறவினை நடந்தும் தன்வினை நிகழாமற் போகிறது.