ஸ்கேட் பார்க் வேண்டுமா? முதலில் நிலம் யாருடையது என்று கேளுங்கள்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் சமதரை கிடைப்பது அரிது. பள்ளித் திடல், கோயில் முற்றம், லயத்து வாசல், லாரி போகும் தார்ச்சாலை. பிள்ளைகள் ஓடியாட இவ்வளவுதான். சறுக்குப் பலகையோடு அந்தச் சாலையில் இறங்கும் பையனை வைது பயனில்லை. அவனுக்கு வேறு இடம் இல்லை. ஊர்ப் பூங்காவின் ஒரு பகுதியில், ஊராரே முன்னின்று ஒரு ஸ்கேட் பார்க் அமைக்க முடியும்.

விளையாட்டு யாரோ காட்டும் தயவு அல்ல. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு அதை உரிமை என்றே சொல்கிறது. மலேசியா 1995இல் அதில் இணைந்தது. இது வசதியான நகரத்துப் பிள்ளைகளின் ஆட்டம் என்ற எண்ணமும் சரியல்ல. மாமல்லபுரத்துச் சிறுமி கமலி பலகையில் ஏறிய கதை குறும்படமாகி 2020இல் பாஃப்டா விருதுப் பரிந்துரை வரை போனது. மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் என்ற சிற்றூரில் உல்ரிக்கே ரெய்ன்ஹார்ட் 2015இல் அமைத்த ஸ்கேட் பார்க்குக்கு இரண்டு விதிகள்: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை கிடையாது, பெண்பிள்ளைகளுக்கு முதலிடம். இரண்டாவது விதியை நாமும் முதல் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன் நிலம். தோட்டத்துக்குள் இருக்கும் திடல் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. நிர்வாகி வாய்வார்த்தையாகச் சரி என்றால், அந்தச் சரி அவர் மாற்றலாகும் வரைதான். ஆகவே எழுத்தில் வாங்குங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி உங்கள் தோட்டத்துக்கு என்னென்ன வசதிகள் சேர வேண்டும் என்று தொழிலாளர் இலாகாவில் கேட்கலாம்.

பொதுப் பூங்கா என்றால் கேமரன் மலை மாவட்ட மன்றத்திடம் போக வேண்டும். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி பொது இடங்கள் அதன் பராமரிப்பில் உள்ளவை. மன்ற உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. அதனால் தானா ராத்தா சட்டமன்ற உறுப்பினரிடமும் மனு போக வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: மன்றத்தின் முழுக் கூட்டங்கள், மன்றமே வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய, பொதுமக்களுக்குத் திறந்தவை. போய் உட்காருங்கள். மாவட்டத்துக்கான உள்ளூர்த் திட்ட வரைவு பொதுப் பார்வைக்கு வரும்போது, குறிப்பிட்ட நிலத்தைத் திறந்தவெளியாகவே வைக்கும்படி எழுதிக் கொடுக்கும் உரிமை நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் இருக்கிறது. அந்த வாய்ப்பை விட்டுவிட்டுப் பிறகு புலம்புவதே நம் வழக்கமாக இருக்கிறது. இதை மாற்ற வேண்டும்.

மனு மலாய் மொழியில் இருக்கட்டும். தயங்கும் பெற்றோர் அதை இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் விடலாம், கேட்பவர்கள் அவர்கள்தானே. ஏழு பேர் சேர்ந்தால் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பெயரும் கணக்கும் உள்ள சங்கத்துக்கு நிதி கேட்பது எளிது.

எந்த ஊர்ப் பூங்கா என்பதையும் யோசியுங்கள். சுங்கை பாலாஸ் தோட்டம் பிரிஞ்சாங் பக்கம். ஹாபு பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரிங்லெட் கிட்டே. போக்குவரத்தை முதலில் தீர்க்காமல் தானா ராத்தாவில் திடல் போட்டால் தோட்டத்துப் பிள்ளை அதைப் பள்ளிப் பேருந்தின் சன்னல் வழியாகத்தான் பார்ப்பான்.

நிலம் கிடைத்தாலும் மலை நம்மை விடாது. சரிவை வெட்டிச் சமப்படுத்துவது மண்சரிவை அழைப்பது. ஆற்றோரமும் வேண்டாம். 2013 அக்டோபர் 23இல் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. மழையும் மூடுபனியும் மிகுந்த இந்த ஊரில் ஈரமான சிமெண்டுத் தளம் வழுக்கும். தண்ணீர் தேங்காத வாட்டம், வடிகால், முடிந்தால் கூரை ஆகியவை வரைபடத்திலேயே இருக்க வேண்டும். அனுமதியில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிய சரிவுமேடையை மன்றம் இடித்தால் எதிர்த்துப் பேச நம்மிடம் காகிதம் இருக்காது. கட்டுவதற்கு முன்பே பராமரிப்பு யார் பொறுப்பு, காப்பீடு யார் எடுப்பது என்பதையும் ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

விழும் பிள்ளை கையை ஊன்றுவதால் மணிக்கட்டு முறிவு சகஜம். தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். சங்கமே இவற்றில் சிலவற்றை வாங்கி இரவல் கொடுப்பது நல்லது. வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை ஒதுங்கி நிற்கக் கூடாது.

உடைந்த தளத்தாலோ நீட்டிய கம்பியாலோ காயம் பட்டால், அன்றே படம் எடுங்கள். தானா ராத்தா சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையில் காட்டிச் சீட்டை வாங்கி வையுங்கள். போலீசில் புகார் செய்து அதன் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மன்றத்துக்குக் கொடுக்கும் புகாரில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வேண்டும். பதில் வராவிட்டால் பொதுப் புகார் பிரிவுக்குப் போகலாம். தனியார் மீது கவனக்குறைவு வழக்குத் தொடர பொதுவாக 6 ஆண்டு அவகாசம் உண்டு. மாவட்ட மன்றம் போன்ற பொது அமைப்பின் மீது என்றால், 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதங்கள்தான். வக்கீலுக்குப் பணமில்லை என்பதற்காக அந்த மாதங்களை ஓடவிட வேண்டாம். சட்ட உதவி இலாகாவும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் வருமானம் குறைந்தவர்களுக்காகவே இயங்குகின்றன.