பெயர் மாறிடுச்சு... பேச்சு?

1975ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' க்ரீம், 2020ல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆகிவிட்டது. சிவப்பே அழகு என்ற விளம்பரங்களுக்கு எதிர்ப்பு வலுத்ததும், யூனிலீவர் கம்பெனி 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. நம் வாயிலிருந்து அது போனதா?

சமீபத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். பெண் எம்.எஸ்சி. படித்தவள். மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்துவிட்டு, "எல்லாம் சரிதான், பொண்ணு நிறம்தான் கொஞ்சம் கம்மி" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, உங்க ஊரு ஆண்டாள் ஆசைப்பட்டது கருநிறக் கண்ணனைத்தானே?" என்று கேட்டேவிட்டேன். அவரிடம் பதில் இல்லை. ஆனால், அன்று சாயங்காலமே அந்தப் பெண் சிவப்பாக்கும் க்ரீம் தேடிக் கடைக்குப் போனாள்!

கம்பெனியே விட்டுவிட்ட சொல்லை, மாமியாராகப் போகிறவர்களே, நீங்களும் விடக்கூடாதா?

— ஒரு வாசகி, ராஜபாளையம்.